கிளினிக்கில் இருபது நிமிடம்: குடும்ப மருத்துவர் பேச்சால் செய்யும் வைத்தியம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்ற தையல் மெஷின் ஓட்டும் ஒரு பெண் என் மேசைமேல் ஒரு துணிக்கடைப் பையைக் கவிழ்த்தார். மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு தலை ஸ்கேன், கணக்கில்லாத ரத்தப் பரிசோதனைத் தாள்கள். "எல்லாம் நார்மல் என்கிறார்கள் டாக்டரம்மா. அப்புறம் எனக்கு ஏன் உடம்பெல்லாம் இப்படி வலிக்கிறது?" என்று கேட்டார்.

அவர் வெளியே போனதும் அவருடைய பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டில் மட்டும் என்னிடம் பதினோரு முறை வந்திருக்கிறார். வலி மாத்திரை, சத்து மாத்திரை, வயிற்றுக்குக் கேப்ஸ்யூல், தூக்கத்துக்கு இரவில் அல்பிரசோலம். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன. பதினோரு முறையில் ஒரு முறைகூட "வீட்டில் என்ன நடக்கிறது?" என்று நான் கேட்டதற்கான ஒரு வரி அந்த அட்டையில் இல்லை.

பல்லடத்தில் எனக்கு இருபத்தாறு ஆண்டுகளாகக் கிளினிக். கீழே மருந்துக்கடை, மாடியில் நான். தறிக்காரர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேர் வருகிறார்கள். என்னைப் போன்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் முதலில் மனநல மருத்துவரிடம் போவதில்லை, நம்மிடம்தான் வருகிறார்கள். தலைபாரம், கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு, அசதி என்று உடம்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பேச்சையே மருந்தாகக் கொடுக்க முடியும். அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு, பலன் பார்க்கும் முறையும் உண்டு. கீழே நான் சொல்லும் ஆட்கள் எல்லோருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நோயாளியைப் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார் என்ற பயம் எனக்கும் இருந்தது. 2002-இல் சுவிட்சர்லாந்தில் இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 335 நோயாளிகள். மருத்துவர்கள் குறுக்கிடாமல் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள். நோயாளி தானாகப் பேசி முடிக்க ஆன நேரம் சராசரியாக 92 வினாடி. ஐந்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேர் சொன்னதும் தேவையான தகவல்தான் என்று மருத்துவர்களே கருதினார்கள்.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பேனாவைக் கீழே வையுங்கள். "சொல்லுங்கள்" என்றபின் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். சந்தேகம் தட்டினால் அன்றே எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம். "உங்களிடம் நிதானமாகப் பேச வேண்டும், புதன்கிழமை இரண்டரை மணிக்கு வாருங்கள்" என்று நேரம் குறித்துக் கொடுங்கள். புதன், சனி இரண்டு நாளும் மதியம் இரண்டரை முதல் நாலு வரை நான் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஒருவருக்கு இருபது நிமிடம், வாரம் ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. வழக்கமான கட்டணம்தான் வாங்குகிறேன். இலவசம் என்றால் பலர் சங்கடப்பட்டு அடுத்த வாரம் வருவதில்லை.

தனிமை முக்கியம். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. மாமியாரோ கணவரோ மகனோ கூடவே நாற்காலி போட்டு உட்காருவார்கள். "பரிசோதிக்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. திரைக்குப் பின்னால் ரத்த அழுத்தம் பார்க்கும்போது மெதுவாகக் கேட்ட கேள்விக்குத்தான் எனக்கு உண்மையான பதில்கள் கிடைத்திருக்கின்றன. ஊர் சிறியது என்பதையும் மறக்காதீர்கள். உதவியாளரிடமும் கீழே உள்ள மருந்துக்கடையிலும் ஒரு வார்த்தை கசியக்கூடாது. புதன்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் என் பதிவேட்டில் "மறுபரிசோதனை" என்றுதான் இருக்கிறார்கள்.

முதலில் உடம்பு

உடம்பைப் பார்க்காமல் மனதுக்குத் தாவாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஒருவர் மனச்சோர்வு வந்தவரைப் போலவே இருப்பார். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, தேவைப்பட்டால் பி12 பார்த்துவிடுங்கள். குடிப்பழக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள். பிள்ளை பெற்று சில மாதங்களே ஆன தாயாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். ஆனால் ஒரு முறை பார்த்து முடித்தபின் "எதற்கும் இன்னொரு ஸ்கேன்" என்று இழுக்காதீர்கள். ஒவ்வொரு புதுப் பரிசோதனையும் நோயாளிக்கு "எங்கோ பெரிய வியாதி ஒளிந்திருக்கிறது" என்ற செய்தியைத்தான் கொடுக்கிறது.

அதன்பின் அளவெடுங்கள். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் 2001 முதல் உலகம் முழுவதும் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு இருக்கலாம். இருபதும் அதற்கு மேலும் என்றால் கடுமை. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் பட்டியல் உண்டு. நான் தாளைக் கையில் கொடுப்பதில்லை. வாயால் கேட்டு நானே குறித்துக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்கு மூன்று மாதச் சராசரி பார்க்கிற மாதிரி, இதையும் ஒவ்வொரு அமர்விலும் பார்க்க வேண்டும். ஐந்து மதிப்பெண் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். ஒன்று, இரண்டு குறைந்ததற்கெல்லாம் மகிழ்ந்துபோய் விட்டுவிடக்கூடாது.

ஐந்து படி

பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பல மருத்துவர்கள் ஆரம்பிப்பதே இல்லை. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடையே வழக்கத்தில் உள்ள ஒரு வரிசை இருக்கிறது: என்ன நடக்கிறது, அது மனதுக்கு எப்படி இருக்கிறது, அதில் எது மிகவும் வாட்டுகிறது, எப்படிச் சமாளிக்கிறீர்கள், கடைசியாக நாம் சொல்லும் ஒரு ஆறுதல் வார்த்தை. நான்கு கேள்வி, ஒரு பதில். பையோடு வந்த அந்தப் பைக்காரப் பெண்ணிடம் அடுத்த புதன்கிழமை இதைத்தான் செய்தேன்.

"கொஞ்ச நாளாக வீட்டில் என்ன நடக்கிறது?"

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கை. கணவர் லாரிக்குப் போனால் திரும்பப் பத்து நாள். கம்பெனியில் ஆர்டர் வந்தால் இரவு ஒன்பது வரை வேலை.

"இதையெல்லாம் நினைக்கும்போது மனது எப்படி இருக்கிறது?"

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். "பயமாக இருக்கிறது" என்றார்.

"இதில் உங்களை ரொம்பவும் வாட்டுவது எது?"

மாமியாரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "மகள் என்னிடம் பேசுவதில்லை டாக்டரம்மா. ப்ளஸ் டூ படிக்கிறாள். பதினைந்து நாளாக ஒரு வார்த்தை இல்லை."

மூன்றாவது கேள்வியை ஒருநாளும் விடாதீர்கள். நாம் மனதுக்குள் எழுதி வைத்திருக்கும் கதை அங்கேதான் உடைகிறது. அதைக் கேட்காமல் போயிருந்தால் மாமியாருக்கு ஆள் வைப்பதைப் பற்றியே ஆறு வாரம் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

"எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

"தூக்கம் வராது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பேன்."

"இத்தனையையும் ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் உடம்பு நோகத்தான் செய்யும்" என்றேன். அவர் அழுதார். டிஷ்யூ எடுத்து நீட்டுவது, தண்ணீர் கொடுப்பது என்று எதையும் அவசரமாகச் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுது முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து படிக்கும் சேர்த்து மொத்தம் நான்கு நிமிடம்.

அதே அமர்வில் உடம்பையும் மனதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனதுதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நோயாளிக்கு அது "நீ நடிக்கிறாய்" என்றே கேட்கும். நான் செய்வது இது: "கையை நீட்டுங்கள், முஷ்டியை நன்றாக இறுக்குங்கள், நான் சொல்லும்வரை விடாதீர்கள்" என்பேன். ஒரு நிமிடத்தில் முன்கை நடுங்கும், கடுக்கும். "வலிக்கிறதா? யாராவது அடித்தார்களா? இதை எக்ஸ்ரே எடுத்தால் தெரியுமா? ஆனால் வலி நிஜம்தானே? பயமும் கவலையும் உங்கள் கழுத்தையும் முதுகையும் ஆறு மாதமாக இப்படித்தான் இறுக்கிப் பிடித்திருக்கின்றன." பெரும்பாலானவர்கள் கையைத் தடவிக்கொண்டே தலையாட்டுவார்கள். இதற்குமேல் நோயின் பெயரைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பெயர் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் அவர்களுடைய சொல்லிலிருந்தே தொடங்குங்கள். எங்கள் பக்கம் "ஒரே யோசனை" என்பார்கள். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியிலும் இதற்கு அதே பொருளில் ஒரு சொல் உண்டு: குஃபுங்கிசிசா, அளவுக்கு மீறி யோசிப்பது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அந்தச் சொல்லை வைத்தே, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து பேசும் சிகிச்சையைப் பாட்டிமாருக்குக் கற்றுக்கொடுத்தார்.

செய்தால் மனது வரும்

மனச்சோர்வு வந்தவர் முதலில் விடுவது சின்னச் சின்ன வேலைகளைத்தான். கோலம் போடுவதை விடுவார், அக்கா வீட்டுக்குப் போவதை விடுவார், டீக்கடைப் பேச்சை விடுவார். விட விட மனது இன்னும் வறண்டுபோகும், வறண்ட மனது இன்னும் நாலு வேலையை விடச் சொல்லும். "மனது சரியானால் செய்கிறேன்" என்பார்கள். விட்ட வேலைகளை மறுபடி தொடங்கவைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அது இதைத் திருப்பிப்போடுகிறது: செய்தால் மனது வரும்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஆலோசகர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வு. மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அவர்களால் முடிந்தது எம்.பி.பி.எஸ். படித்த நமக்கு முடியாதா?

செய்முறை இதுதான். "ஆறு மாதத்துக்கு முன்பு செய்து, இப்போது செய்யாமல் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டுவதைச் சொன்னார். மல்லிகைக் காலத்தில் தினமும் கட்டுவார்களாம். நான் மாத்திரை எழுதும் அதே சீட்டை எடுத்தேன். "செவ்வாய், வியாழன் – மாலை 7 மணி – வாசற்படியில் அக்காவுடன் பூக்கட்ட – 15 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

சீட்டில் எழுதுவதை அற்பமாக நினைக்காதீர்கள். "கொஞ்சம் வெளியே போய் வாருங்கள், நாலு பேரிடம் பேசுங்கள்" என்பது அறிவுரை. வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். நாள், மணி, இடம், யாருடன், எவ்வளவு நேரம் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அது மருந்து. வீட்டிலும் அந்தச் சீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. "டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று காட்டினால் மாமியாரும் பதினைந்து நிமிடம் விடுவார்.

அளவைச் சிறியதாக வையுங்கள். நாமாக ஒன்றைத் திணிக்கக்கூடாது. யோகா, நடைப்பயிற்சி என்று நமக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்தால் வேலை செய்யாது. அடுத்த வாரம் "செய்ய முடியவில்லை" என்று வருவார்கள், பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். கடிந்துகொள்ள வேண்டாம். எது தடுத்தது என்று கேட்டு அளவைப் பாதியாக்குங்கள். பூக்கட்டப் போகவில்லையா, வாசற்படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். எனக்கு மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் மாற்றம் தெரிகிறது. முதல் இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

ஒரு முடிச்சை மட்டும்

சிலருக்குச் சோர்வைவிடச் சிக்கல்தான் முன்னால் நிற்கும். கடன், வேலை, குடும்பச் சண்டை. இவர்களுக்கு, பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்க்கக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை பொருந்தும். 1995-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த மனச்சோர்வு நோயாளிகள் 91 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அமிட்ரிப்டிலின் மாத்திரைக்குச் சமமாகப் பலன் தந்தது. வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. அதுவும் ஆறு அமர்வுதான்.

கூலிக்கு நெசவு செய்யும் ஒரு தறிக்காரர் தூக்கமில்லை என்று வந்தார். ஐம்பது வயதிருக்கும். "என்னங்கண்ணா பிரச்சினை?" என்றால் "கடன்" என்று ஒரே வார்த்தை. இந்த ஒற்றை வார்த்தைதான் ஆளை அமுக்குகிறது. அதை உடைக்க வேண்டும். ஒரு நோட்டில் கோடு போட்டு யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று மூன்று பத்தி எழுதச் சொன்னேன். ஏழு கடன் வந்தது. நான்கு, உறவுக்காரர்களிடம் வாங்கியது; யாரும் இப்போது கேட்கவில்லை. இரண்டுக்கு மாதத் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்றுதான்: மனைவியின் நகை வங்கியில் இருந்தது, ஏலத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தது.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதற்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று தோன்றுவதை எல்லாம் எழுத வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக்கூடாது என்பது விதி. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது, இரண்டு தறியை விற்பது, மச்சானிடம் கேட்பது, நூல் வியாபாரியிடம் முன்பணம் கேட்பது. கடைசியாக அவர் சொன்னார்: "ஓடிப்போவது." அதையும் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாக, இதனால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவரையே சொல்லவைத்தேன். தீர்வைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. நாம் சொன்ன யோசனை தோற்றால் பழி நம்மேல் விழுவது பெரிதல்ல. ஜெயித்தாலும் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை வராது, அதுதான் நஷ்டம். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வங்கிக்குப் போய் மேலாளரைப் பார்ப்பது, கூட மச்சானை அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. சீட்டில் எழுதினேன்.

அவர் எழுந்திருக்கும்முன், "ஓடிப்போவது என்றீர்களே, எங்கே?" என்று கேட்டேன்.

"ஊரைவிட்டு மட்டுமில்லை டாக்டரம்மா" என்றார்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பி.எச்.க்யூ பட்டியலின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைத்தான் கேட்கிறது. முதல் நாள் தறிக்காரரின் மகனை அருகில் வைத்துக்கொண்டே கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லை" என்றார்; பூஜ்யம் போட்டேன். மகன் முன்னால் எந்தத் தகப்பன் ஒப்புக்கொள்வார்? அன்றிலிருந்து அந்தக் கேள்வியைத் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்கிறேன்.

கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை; ஏற்கெனவே இருப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "இப்படி இருப்பதற்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?" ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா, எது தடுத்து நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திட்டமும் ஏற்பாடும் இருந்தால் அன்றே, அப்போதே, துணையோடு மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

வீட்டில் பூச்சிமருந்தும் எலிமருந்தும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். தோட்டங்காடு உள்ள வீடுகளில் திண்ணை ஓரத்தில் டப்பா கிடக்கும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சென்னை சினேகா அமைப்பினர் கிராமத்துக்குப் பொதுவான பூட்டுப்பெட்டிகளில் பூச்சிமருந்தை வைத்துப் பார்த்தார்கள். கை எட்டாத தூரத்தில் இருந்தால் அந்த நேரத்து வேகம் கடந்துபோக இடம் கிடைக்கிறது. தறிக்காரரின் சம்மதத்தோடு மச்சானை அழைத்துப் பேசினேன். அன்று மாலையே பூச்சிமருந்து டப்பாக்கள் மச்சான் வீட்டுக்குப் போயின. வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் ஒரு வாரத்துக்குமேல் மொத்தமாக எழுதிக் கொடுக்கவில்லை. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் சுகாதார உதவி எண் 104-ஐயும் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டும் இரவும் பகலும் எடுக்கும் எண்கள். மறுநாள் காலை நானே போன் செய்தேன். கோவையில் உள்ள மனநல மருத்துவரிடம் அந்த வாரமே காட்டினார். என்னிடமும் தொடர்ந்து வந்தார்.

முயன்று பிழைத்தவர்கள் "போலீஸ் வழக்கு ஆகுமா?" என்று பயந்து மறைப்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அதைச் சொல்லுங்கள்.

சில சின்ன விஷயங்கள்

தூக்கமில்லாதவருக்கு: படுக்கை தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கும்போது திரும்ப வர வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றேதான். திடீர் படபடப்புக்கு: இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்தபின், "இது அலை மாதிரி ஏறி, தானாக இறங்கும், பயந்து ஓடினால்தான் மறுபடி வரும்" என்று விளக்கி, பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறவரை அடுத்த நிறுத்தம்வரை மட்டும் போய் இறங்கச் சொல்லிப் பழக்குங்கள்.

"தைரியமாக இருங்கள்", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்", "குழந்தைகள் முகத்தைப் பார்த்து மறந்துவிடுங்கள்" ஆகிய மூன்றையும் நான் என் நாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இவற்றைக் கேட்டபின் நோயாளி உண்மையைச் சொல்வதில்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "பொறுத்துப் போ" என்ற தொனி எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. காயத்தைப் பதிவு செய்யுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், பாதுகாப்பாகத் தங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்குச் சிகிச்சை பூக்கட்டுவது அல்ல.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. மிதமான மனச்சோர்வில் பேச்சோடு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். அதைத் தொடங்கும்முன், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் இருந்த காலம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், இருபதுக்கு மேல் மதிப்பெண், ஆறு அமர்வுக்குப் பிறகும் அசையாத மதிப்பெண், இவையெல்லாம் நம் எல்லைக்கு அப்பால். நான் தவிர்க்கச் சொல்வது, கேள்வி கேட்காமல் நீட்டும் அல்பிரசோலம் சீட்டைத்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டவரை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த நான்கு மாதமானது.

கேட்கிறவருக்கும் ஒரு இடம் வேண்டும். 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, அவர்களை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். நாங்கள் நான்கு மருத்துவர்கள் மாதம் ஒரு ஞாயிறு திருப்பூரில் கூடி, பெயர் சொல்லாமல் ஆளுக்கு ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம். தறிக்காரரை அங்கே சொன்னபிறகுதான் எனக்கே தூக்கம் வந்தது.

கடைசி அமர்வு

ஆறாவது அமர்வில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். எது உதவியது என்று நோயாளியே சொல்லட்டும். நோய் திரும்பினால் முதலில் எப்படித் தெரியும் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள்.

பைக்காரப் பெண்ணின் மதிப்பெண் பதினாறில் தொடங்கியது. நான்காம் வாரம் பதினொன்று, கடைசியில் ஆறு. இடையில் ஒரு அமர்வு முழுவதும் மகளைப் பற்றியே பேசினோம். என்ன பேசுவது என்பதைவிட எங்கே பேசுவது என்று அவரே யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மகளை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்குமே சுலபமாக இருந்ததாம். முதுகுவலி முழுதாகப் போகவில்லை. பவர் டேபிளில் பத்து மணி நேரம் குனிந்தால் வலிக்கத்தான் செய்யும். அதற்குத் தனியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தேன்.

"மறுபடி வருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இரவில் பாத்திரம் தேய்க்க எழுந்தால்" என்றார். "ஒரு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டு நாள் தொடர்ந்து எழுந்தால் வந்துவிடுகிறேன்."

சீட்டில் எழுதினேன்: "இரவு பாத்திரம் – 2 நாள் – உடனே வரவும்." கீழே மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமையின் தேதியையும் போட்டேன். சீட்டை நான்காக மடித்து, கைபேசி உறைக்குள் ரேஷன் அட்டையோடு வைத்துக்கொண்டார்.